மாதம் மூவாயிரம் ரூபாய் மருந்துச் சீட்டை எப்படிப் படிப்பது?

உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிட்டு ஆரம்பிக்கிறேன். அம்மாவுக்கு 62 வயது, பத்து வருடமாகச் சுகரும் பிரஷரும். உள்ளூர் டாக்டரிடம் மாதம் ஒருமுறை காட்டுகிறார்கள். ஃபீஸ் 200 ரூபாய்தான். ஆனால் கிளினிக்கை ஒட்டிய மெடிக்கலில் மருந்துக்கு மட்டும் மூவாயிரம் ஆகிறது. அதே மாத்திரை வெளிக்கடைகளில் கிடைப்பதில்லை. டாக்டர் கமிஷனுக்காக எழுதுகிறாரா, ஜெனரிக்குக்கு (பிராண்ட் இல்லாமல் மருந்தின் பெயரிலேயே விற்கும் மாத்திரைக்கு) மாற்றினால் அம்மாவுக்கு ஏதாவது ஆகிவிடுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் மருந்தாளுநர். பல வருடமாக மெடிக்கல் கவுன்ட்டரில் நின்று சீட்டு வாங்கிப் பார்ப்பவன். கமிஷன் கேள்வியைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். அதற்கு ஆமாம், இல்லை என்று எந்தப் பதில் வந்தாலும் அடுத்த மாத பில் ஒரு ரூபாய்கூடக் குறையாது. பில்லைத் தீர்மானிப்பது இரண்டு விஷயம்: சீட்டில் எத்தனை வரி இருக்கிறது, ஒவ்வொரு வரியிலும் மருந்தின் பெயர் இருக்கிறதா அல்லது கம்பெனி வைத்த பெயர் இருக்கிறதா.

நீங்கள் எழுதி அனுப்பிய எட்டு வரியையும் பிராண்ட் பெயரை நீக்கி, அட்டையின் பின்புறம் சின்ன எழுத்தில் இருக்கும் மருந்துப் பெயரில் திருப்பி எழுதினேன். சுகருக்குக் கிளிமிபிரைடு, மெட்ஃபார்மின், வோக்ளிபோஸ் மூன்றும் ஒரே மாத்திரையில், காலையும் இரவும். அதே சுகருக்கு டாபாகிளிஃபுளோசின் 10 மி.கி. ஒன்று. டெல்மிசார்ட்டானும் அம்லோடிபினும் சேர்ந்த பிரஷர் மாத்திரை. கொழுப்புக்கு ரோசுவாஸ்டாட்டின். அதன்பிறகு பான்டோபிரசோலும் டோம்பெரிடோனும் சேர்ந்த கேஸ் மாத்திரை, மீத்தைல்கோபாலமின் (வைட்டமின் பி12 இன் ஒரு வடிவம்) கலந்த நரம்பு மாத்திரை, கால்சியம், கடைசியாக ஒரு மல்டிவைட்டமின்.

முதல் நான்கு வரி நோய்க்கானது. அதில் கை வைக்கக் கூடாது, விலையை மட்டும் குறைக்கலாம். பின்னால் வரும் நான்கு வரிகள்தான் விசாரிக்க வேண்டியவை. உங்கள் பில்லில் அந்த நான்குக்கு மட்டும் ஏறக்குறைய 1,450 ரூபாய் போகிறது, கிட்டத்தட்ட பாதி. "சுகர் மாத்திரை விலை ஏறிப்போச்சு" என்று கவுன்ட்டரில் வருத்தப்படுகிற பலருடைய பில்லிலும் இதே கதைதான். மெட்ஃபார்மின் போன்ற பழைய சுகர் மாத்திரை இந்தியாவில் விலை குறைந்த மருந்துகளில் ஒன்று. அதன் கூடவே வருபவைதான் பில்லை ஏற்றுகின்றன.

கேஸ் மாத்திரையையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆஸ்பிரின் போன்ற ரத்தம் உறையாமல் காக்கும் மாத்திரை சாப்பிடும் வயதானவர்கள், வயிற்றுப்புண் இருந்தவர்கள், நீண்டநாள் வலி மாத்திரை எடுப்பவர்கள் இவர்களுக்கெல்லாம் பான்டோபிரசோல் நியாயமான மருந்து. உங்கள் அம்மா சீட்டில் ஆஸ்பிரினும் இல்லை, வலி மாத்திரையும் இல்லை. "மாத்திரை நிறைய, வயிறு எரியும்" என்ற நினைப்பில் பல வருடத்துக்கு முன்னால் எழுதப்பட்டு, மாதாமாதம் 'ரிப்பீட்' ஆகிக்கொண்டிருக்கலாம். கூட இருக்கும் டோம்பெரிடோன் இன்னும் யோசிக்க வேண்டிய சரக்கு. இதயத்துடிப்பைப் பாதிக்கலாம் என்பதால் ஐரோப்பிய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2014 இல் அதை வாந்தி, குமட்டலுக்கு மட்டும், பொதுவாக ஒரு வாரத்துக்கு மேல் போகாமல் என்று சுருக்கியது. நம் ஊரில் வருடக்கணக்கில் வெறும் வயிற்றில் காலை மாத்திரையாக ஓடிக்கொண்டிருக்கிறது.

நரம்பு மாத்திரை கொஞ்சம் வேறு மாதிரி. மெட்ஃபார்மின் நீண்டநாள் எடுத்தால் வைட்டமின் பி12 குறையலாம். பான்டோபிரசோலும் நாள்பட எடுத்தால் அதே வேலையைச் செய்யும். ஆக, அம்மாவுக்கு பி12 தேவைப்படலாம். ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். குறைவாக இருந்தால் பி12 மட்டும் போதும். ஆல்ஃபா லிபோயிக் அமிலம், இன்னும் நாலு வைட்டமின், தாதுக்கள் எல்லாம் சேர்த்த விலை உயர்ந்த கலவை எதற்கு என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. இப்படிப்பட்ட கலவைகளில் பல, மருந்து என்றில்லாமல் உணவுச் சத்துப்பொருள் என்ற உரிமத்தில் விற்கப்படுபவை. அவற்றுக்கு மருந்து விலைக் கட்டுப்பாடு கிடையாது. அட்டையின் பின்னால் மருந்து உரிம எண் இருக்கிறதா, உணவுப் பாதுகாப்பு ஆணைய முத்திரை இருக்கிறதா என்று பார்த்தாலே தெரியும்.

இனி விலை. ஒரே மருந்துக்கு இத்தனை விலை ஏன் என்பதற்கு அரசாங்கச் சட்டத்தில் பாதி விடை இருக்கிறது. 2013 ஆம் ஆண்டு மருந்து விலைக் கட்டுப்பாட்டு ஆணைப்படி, அத்தியாவசிய மருந்துகள் பட்டியலில் இருப்பவற்றுக்குத்தான் உச்ச விலை உண்டு. சந்தையில் ஒரு சதவீதமோ அதற்கு மேலோ பங்கு வைத்திருக்கும் பிராண்டுகளின் விலைகளைச் சராசரி எடுத்து, அதன்மேல் சில்லறைக் கடைக்காரருக்கு 16 சதவீதம் சேர்த்து அந்த உச்ச விலையைக் கணக்கிடுகிறார்கள். தயாரிக்க என்ன செலவு என்பதை யாரும் பார்ப்பதில்லை. பட்டியலுக்கு வெளியே இருக்கும் மருந்தின் எம்.ஆர்.பி.யைக் கம்பெனியே முடிவு செய்யும், வருடத்துக்கு 10 சதவீதம் வரை ஏற்றிக்கொள்ளவும் செய்யலாம். மெட்ஃபார்மின் தனியாகப் பட்டியலில் இருக்கிறது. கிளிமிபிரைடும் தனியாக இருக்கிறது. இரண்டோடு வோக்ளிபோஸையும் சேர்த்து ஒரே மாத்திரையாக அடித்துவிட்டால் தனி மாத்திரைகளுக்கான அந்த உச்சவரம்பு பொருந்தாது. கூட்டு மாத்திரைகள் நம் சீட்டுகளில் பெருகியதற்கு இதுவும் ஒரு காரணம்.

எல்லாக் கூட்டு மாத்திரையும் மோசம் என்று சொல்லவில்லை. டெல்மிசார்ட்டானும் அம்லோடிபினும் ஒன்றாக இருப்பது நல்லதுதான், ஒரு மாத்திரையில் இரண்டும் முடிந்துவிடுகிறது, வயதானவர்கள் மறப்பதில்லை. ஆனால் அர்த்தமில்லாத கூட்டுகளும் எக்கச்சக்கம். மத்திய அரசு 2016 மார்ச்சில் 344 கூட்டு மருந்துகளை ஒரே நாளில் தடை செய்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், மறுபடி ஆராய்ந்து, 2018 இல் 328 மருந்துகள் தடையாயின. 2024 ஆகஸ்டில் இன்னும் 156. தடை வரும்வரை அவையெல்லாம் யாரோ ஒருவர் சீட்டில் எழுதப்பட்டு, யாரோ ஒருவர் காசு கொடுத்து விழுங்கியவைதான்.

விலைக்கு இன்னொரு காரணம் காப்புரிமை. எம்பாகிளிஃபுளோசின் என்ற சுகர் மாத்திரை 2025 மார்ச் வரை ஒன்று சுமார் 60 ரூபாய். அந்த மாதம் காப்புரிமை முடிந்தது. சில நாட்களிலேயே இந்தியக் கம்பெனிகள் பத்து ரூபாய், அதற்கும் கீழே என்று இறக்கின. மருந்து அதேதான். உங்கள் அம்மா எடுக்கும் டாபாகிளிஃபுளோசினுக்கு ஏற்கெனவே காப்புரிமை முடிந்துவிட்டது. ஆகவே அந்த வரிக்கு இன்னும் பெரிய விலை கொடுக்கிறீர்கள் என்றால், அது பிராண்டுக்கான விலை.

"வெளியே கிடைப்பதில்லை" என்று எழுதியிருந்தீர்களே, அதற்கு வருகிறேன். தொழிலில் இதை பிராபகண்டா கம்பெனி என்போம். வேறு ஒரு தொழிற்சாலையில் மாத்திரை அடித்து, தன் பெயர் போட்ட அட்டையில் வாங்கி, ஒரு மாவட்டத்தில் சில டாக்டர்களை மட்டும் நம்பி வியாபாரம் செய்யும் சின்னக் கம்பெனி. டாக்டர் எழுதினால்தான் ஓடும், பெரும்பாலும் அவர் கிளினிக் பக்கத்துக் கடையில் மட்டும்தான் இருக்கும். அட்டையில் அச்சிட்ட எம்.ஆர்.பி.க்கும் கடைக்காரர் வாங்கும் விலைக்கும் நடுவில் பல மடங்கு இடைவெளி இருக்கும். அந்த இடைவெளி யார் யாருக்குப் போகிறது என்பது கடைக்குக் கடை, டாக்டருக்கு டாக்டர் மாறும். உங்கள் டாக்டர் எதையாவது வாங்குகிறாரா என்று இங்கிருந்து நான் சொல்ல முடியாது, சொல்வது நியாயமும் இல்லை. ஆனால் ஒன்று சொல்வேன்: ஊரில் வேறு எந்தக் கடையிலும் கிடைக்காத பிராண்டை நாள்பட்ட நோய்க்கு எழுதுவது நல்ல பழக்கம் அல்ல. அந்தக் கடை நான்கு நாள் மூடியிருந்தால் அம்மாவுக்கு மாத்திரை இல்லை.

டாக்டர் பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். 200 ரூபாய் ஃபீஸில் வாடகை, கரண்ட், நர்ஸ் சம்பளம் எல்லாம் பார்க்க வேண்டும். 300 ஆக்கினால் கூட்டம் அடுத்த தெருவுக்குப் போய்விடும். ஃபீஸைப் பற்றி நாம் பேரம் பேசுகிறோம், மருந்து பில்லைப் பற்றி வாய் திறப்பதில்லை. அதனால் சின்ன ஊர்களில் கிளினிக்கின் வருமானம் மெல்ல மெல்ல மருந்துப் பக்கம் நகர்ந்துவிட்டது. ஊசி, மாத்திரை எல்லாம் சேர்த்து இவ்வளவு என்று வாங்கும் கிளினிக்குகள் இன்றும் உண்டு. தன்னிடம் வரும் நோயாளிக்கு டாக்டரே மருந்து கொடுக்கச் சட்டம் இடம் தருகிறது, கடை மாதிரி திறந்து வைத்து விற்கக் கூடாது, அவ்வளவுதான். அப்படி வெள்ளைக் கவரில் உதிரி மாத்திரை கொடுத்தால் பெயரை எழுதித் தரச் சொல்லுங்கள். என்ன சாப்பிட்டீர்கள் என்றே தெரியாமல் நாளை ஜி.எச்.சில் போய் நிற்கக் கூடாது.

பரிசுப் பொருள் விவகாரம் கற்பனை அல்ல. சென்னை மருந்து நிறுவனம் ஒன்று தன் சத்து மாத்திரையைப் பற்றி 'விழிப்புணர்வு' ஏற்படுத்த டாக்டர்களுக்குத் தங்கக் காசு, டிவி, ஃபிரிட்ஜ், லேப்டாப் என்று கொடுத்த செலவுக்கு வருமான வரி விலக்கு கேட்டது. உச்ச நீதிமன்றம் 2022 பிப்ரவரியில் அதை மறுத்தது. அந்தச் செலவெல்லாம் கடைசியில் மருந்தின் விலையில் ஏறி நோயாளி தலையில்தான் விழுகிறது என்று நீதிபதிகள் வெளிப்படையாகச் சொன்னார்கள். 2024 மார்ச்சில் மருந்து விற்பனைக்கான புதிய நடத்தை விதியும் வந்தது. ஆனால் அந்த விதியை மீறுபவரை முதலில் விசாரிப்பது மருந்துக் கம்பெனிகளின் சங்கத்திலேயே அமைக்கப்பட்ட குழு. எனக்கு அதில் பெரிய நம்பிக்கை இல்லை.

மருந்தின் பொதுப்பெயரை எழுத வேண்டும் என்று மருத்துவ கவுன்சில் 2016 இலேயே விதி போட்டது, தெளிவாக, முடிந்தால் பெரிய எழுத்தில். 2023 ஆகஸ்டில் தேசிய மருத்துவ ஆணையம் அதைக் கட்டாயமாக்கி, மீறினால் நடவடிக்கை என்றது. டாக்டர்கள் சங்கம் எதிர்த்தது. தரத்துக்கு யார் உத்தரவாதம், பிராண்டை நாங்கள் எழுதாவிட்டால் கடைக்காரர் தன் மார்ஜினைப் பார்த்து எதையாவது கொடுப்பாரே என்றார்கள். அந்த மாதம் முடிவதற்குள் விதி நிறுத்தி வைக்கப்பட்டது. எதிர்ப்பில் சுயநலம் மட்டும் இருந்தது என்று நான் நினைக்கவில்லை. தரம் குறைந்த மருந்துகளின் பட்டியலை மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு மாதாமாதம் வெளியிடுகிறது. அதில் சின்னக் கம்பெனிகளும் இருக்கும், பிராண்டட் மருந்துகளும் இருக்கும். பிராண்ட் பெயர் இருந்தால் தரம் உறுதி என்பதும் இல்லை, ஜெனரிக் என்றால் மட்டம் என்பதும் இல்லை.

நடுவில் சிக்கிக்கொள்வது நோயாளியும் என்னைப் போன்றவர்களும். சீட்டில் பிராண்ட் பெயர் இருந்தால், அதே மருந்து, அதே அளவு, கால் விலையில் என் அலமாரியில் இருந்தாலும் அதற்குப் பதிலாகக் கொடுக்க 1945 ஆம் ஆண்டு மருந்து விதிகள் என்னை அனுமதிப்பதில்லை. கடைகளில் நடக்கிறது, சட்டப்படி கூடாது. இங்கிலாந்தில் இதற்கு நேர்மாறு. அங்கே பத்தில் எட்டுச் சீட்டுக்கு மேல் பொதுப்பெயரில்தான் எழுதுகிறார்கள், எந்தக் கம்பெனி மாத்திரை என்பதைக் கடையில் முடிவு செய்வார்கள். அதைவிட எனக்குப் பிடித்தது வேறொன்று: எந்தக் கிளினிக் என்ன மருந்தை எவ்வளவு எழுதியது, எவ்வளவு செலவானது என்ற கணக்கு அங்கே மாதாமாதம் பொதுவில் வருகிறது. யார் வேண்டுமானாலும் தங்கள் ஊர் டாக்டரைப் பக்கத்து ஊர் டாக்டரோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். பெரும்பாலும் அரசே பணம் கட்டுவதால் அது சாத்தியமாகிறது. நம்மிடம் தனியார் கிளினிக்குகளுக்கு அப்படி எதுவும் கிடையாது. நம்மிடம் இருப்பது வீட்டு அலமாரியில் கிடக்கும் பழைய சீட்டுகள்தான்.

அவற்றையே பயன்படுத்துங்கள். உலக சுகாதார நிறுவனம் ஒரு மருத்துவமனை மருந்து எழுதும் பழக்கத்தை அளக்க 1993 இல் ஐந்து அளவுகோல்களை வகுத்தது: ஒரு தடவைக்கு எத்தனை மருந்து, எத்தனை பொதுப்பெயரில், எத்தனை தடவை ஆன்டிபயாட்டிக், எத்தனை தடவை ஊசி, எத்தனை அத்தியாவசியப் பட்டியலில் உள்ளவை. வீட்டில் எல்லோருடைய ஒரு வருடச் சீட்டையும் எடுத்து இந்தக் கண்ணோடு பாருங்கள். சளி, காய்ச்சலுக்குப் போன ஒவ்வொரு முறையும் அசித்ரோமைசினோ செஃபிக்சிமோ மாதிரி ஓர் ஆன்டிபயாட்டிக் இருந்தால், ஒவ்வொரு முறையும் ஊசி இருந்தால், அந்தக் கிளினிக்கைப் பற்றி உங்களுக்குத் தேவையானது தெரிந்துவிடும். சாதாரணச் சளிக்கு இரண்டுமே தேவையில்லை. அந்த இரண்டு ஆன்டிபயாட்டிக்கும் கவனமாகப் பயன்படுத்த வேண்டிய வகை என்று உலக சுகாதார நிறுவனம் தனியாகப் பிரித்து வைத்திருக்கிறது. ஊசி போடாத டாக்டரைக் 'கைராசி இல்லாதவர்' என்று சொல்லி விலகிப்போவதும் நம் ஆட்கள்தான் என்பதையும் கவுன்ட்டரில் நின்று பார்த்திருக்கிறேன். பல டாக்டர்கள் நோயாளியைத் தக்கவைத்துக்கொள்ளவே ஊசியை எடுக்கிறார்கள்.

இப்போது அம்மாவின் பில்லுக்குச் செய்ய வேண்டியது. முதலில் அரசு வழி. மெட்ஃபார்மின், கிளிமிபிரைடு, அம்லோடிபின், கொழுப்புக்கான அடோர்வாஸ்டாட்டின் எல்லாம் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் ஜி.எச்.சிலும் இலவசம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் பதிவு செய்தவர்களுக்கு வீட்டுக்கே வந்து கொடுக்கிறார்கள். "கவர்மென்ட் மாத்திரை வேலை செய்யாது" என்பது பரவலான பேச்சு. 1994 இல் ஆரம்பித்த தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மொத்தமாகக் கொள்முதல் செய்து, சரக்கை ஆய்வகத்தில் சோதித்த பிறகுதான் மருத்துவமனைக்கு அனுப்புகிறது. மற்ற மாநிலங்கள் வந்து பார்த்துத் தங்கள் ஊரில் அமைத்துக்கொண்ட முறை அது. என் கடைக்கு வரும் சரக்கை அப்படி ஒவ்வொரு பேட்ச்சாக யாரும் சோதிப்பதில்லை.

வரிசையில் நிற்க முடியாது, அல்லது அங்கே டாபாகிளிஃபுளோசின் இல்லை என்றால் மத்திய அரசின் ஜெனரிக் கடையான மக்கள் மருந்தகம், 2025 பிப்ரவரியில் தமிழக அரசு திறந்த முதல்வர் மருந்தகம். போகும்போது பிராண்ட் பெயர் உள்ள சீட்டோடு போகாதீர்கள், பொதுப்பெயரில் எழுதிய சீட்டோடு போங்கள். "20 சதவீதம் தள்ளுபடி" போர்டைப் பார்த்து மயங்காதீர்கள். எம்.ஆர்.பி.யையே மூன்று மடங்கு அச்சிட்டிருந்தால் இருபது சதவீதம் குறைத்து என்ன பயன்? தேசிய மருந்து விலை ஆணையத்தின் பார்மா சஹி தாம் செயலியில் மருந்தின் பெயரைப் போட்டால் எந்தக் கம்பெனி என்ன விலைக்கு விற்கிறது என்று வரிசையாகக் காட்டும். 2025 செப்டம்பர் 22 முதல் பெரும்பாலான மருந்துகளுக்கு ஜி.எஸ்.டி. 12 இலிருந்து 5 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. பழைய எம்.ஆர்.பி. அட்டையையே பழைய விலைக்குக் கொடுத்தால் கேளுங்கள். பேட்ச் நம்பரோடு பில் வாங்காமல் எந்தக் கடையை விட்டும் வராதீர்கள்.

மாற்றும்போது ஒரு எச்சரிக்கை. மில்லிகிராம் ஒத்துப்போனால் மட்டும் போதாது. பெயருக்குப் பின்னால் எஸ்.ஆர்., எக்ஸ்.ஆர். என்று இருந்தால் அது மெதுவாகக் கரையும் மாத்திரை, மாற்று மாத்திரையிலும் அதே எழுத்து இருக்க வேண்டும். தைராய்டு மாத்திரை, வலிப்பு மாத்திரை, ரத்தம் உறையாமல் காக்கும் வார்ஃபரின் போன்றவற்றைக் கம்பெனி மாற்றாமல் ஒரே பிராண்டில் வைத்திருப்பதுதான் பாதுகாப்பு. மாற்றியே தீர வேண்டும் என்றால் டாக்டரிடம் சொல்லிவிட்டு, ரத்தப் பரிசோதனையோடு மாற்ற வேண்டும். உங்கள் அம்மா சீட்டில் அப்படி எதுவும் இல்லை.

எதையும் நீங்களாக நிறுத்த வேண்டாம். அடுத்த தடவை போகும்போது எட்டு அட்டையையும் ஒரு பையில் போட்டு எடுத்துப்போங்கள். "டாக்டர், மாதம் ஆயிரத்து ஐநூறுக்கு மேல் எங்களால் முடியவில்லை. இதில் அம்மாவுக்குக் கட்டாயம் வேண்டியது எது? எதை நிறுத்திப் பார்க்கலாம்? மருந்துப் பெயரில் எழுதித் தருகிறீர்களா, மக்கள் மருந்தகத்தில் வாங்கிக்கொள்கிறோம்" என்று அம்மா முன்னாலேயே கேளுங்கள். கமிஷன் என்ற சொல் வாயில் வரவே கூடாது. வசதியைப் பற்றிப் பேசினால் பெரும்பாலான டாக்டர்கள் இறங்கி வருவார்கள். காசு ஒரு பிரச்சினை என்று நோயாளி சொல்லாததால்தான் பல சீட்டுகள் நீண்டுகொண்டே போகின்றன. ஒருவேளை அவர் கோபப்பட்டு, இங்கேதான் வாங்க வேண்டும் என்றால், வேறு டாக்டரைப் பாருங்கள்.

மாற்றிய முதல் மாதம் வாரம் ஒருமுறை வெறும் வயிற்றுச் சுகரும் பிரஷரும் பார்த்துத் தேதியோடு எழுதி வையுங்கள். மூன்று மாதம் முடிந்ததும் எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரிச் சுகரைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) எடுங்கள். முன்பு இருந்த அளவிலேயே இருந்தால் புதிய மாத்திரை சரியாக வேலை செய்கிறது, தொடரலாம். ஏறியிருந்தால் அந்த ரிப்போர்ட்டையும் எழுதி வைத்த நோட்டையும் டாக்டரிடம் காட்டுங்கள். அளவைக் கூட்டுவதா, கம்பெனியை மாற்றுவதா என்று அதைப் பார்த்து அவர் முடிவு செய்வார்.